கடலோர விளைகளுக்கு வார்ப்புக் கான்கிரீட்: உப்பிலிருந்து காப்பது எப்படி?

குளச்சல், மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி போன்ற கடலோரப் பகுதிகளில் தென்னை, வாழை, மரச்சீனி பயிரிடும் சிறு விவசாயிகள் கான்கிரீட் பொருட்களைப் பல வகையிலும் பயன்படுத்தி வருகிறார்கள். கிணற்றுக்கு உறை, வேலிக்குத் தூண், வாய்க்காலுக்குப் பலகை, தொழுவத்துக்குத் தீவனத் தொட்டி என இவற்றின் பட்டியல் நீளும். அச்சில் முன்கூட்டியே வார்த்து, இறுகிய பின் எடுத்து வந்து பொருத்தும் இவற்றை வார்ப்புக் கான்கிரீட் என்கிறோம். பட்டணங்களில் பாலங்களும் மாடி வீடுகளும் இம்முறையில் எழும்புகின்றன. அதே முறை ஐம்பது சென்ட் விளை உள்ளவருக்கும் கைகொடுக்கக் கூடியது.

ஆனால் கடலோரத்தில் ஒரு தொல்லை உண்டு. உள்நாட்டில் நெடுங்காலம் உழைக்கும் தூண், கடலுக்கு அருகில் சில ஆண்டுகளிலேயே கம்பி நெடுகிலும் பழுப்புக் கோடு விட்டு, வெடித்து, சில்லுச் சில்லாகப் பெயர்ந்து விழுகிறது. கிணற்று உறையில் இது நேர்ந்தால் நஷ்டம் பணத்தோடு நிற்காது. தூர் வாரக் கிணற்றுக்குள் இறங்கும் ஆளின் உயிருக்கே ஆபத்தாக முடியும். இதற்குக் காரணம் என்ன, தடுப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தோட்டத்தில் பிறந்த தொழில்நுட்பம்

இரும்புக் கம்பி வைத்து வார்க்கும் கான்கிரீட்டின் வரலாற்றில் ஒரு தோட்டக்காரருக்கு முக்கிய இடம் உண்டு. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஜோசப் மோனியே என்ற அவர், செடித்தொட்டிகள் அடிக்கடி உடைவதைக் கண்டு, கம்பி வலையைச் சுற்றிச் சிமெண்ட் பூசித் தொட்டிகள் செய்தார். 1867-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். பெரிய பாலங்களுக்கும் கட்டடங்களுக்கும் அந்த வழி பின்னர் விரிந்தது.

முன்கூட்டியே செய்து கொண்டுவந்து அடுக்கும் முறை நம் நாட்டுக்கும் புதிதல்ல. சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறுகள் கீழடி அகழாய்வில் வெளிப்பட்டன. மண் சரியும் இடத்தில் கிணறு அமைக்க நம் முன்னோர் கண்ட வழியையே இன்று சிமெண்ட் உறை கொண்டு நாம் செய்கிறோம். மண் உறைக்குத் துருப் பிடிக்காது; கம்பி வைத்த சிமெண்ட் உறைக்குப் பிடிக்கும். விவசாயி மனதில் இருத்த வேண்டிய வேற்றுமை இதுதான்.

உப்பு செய்யும் வேலை

சிமெண்ட் இறுகும்போது அதனுள் கடுமையான காரத்தன்மை உண்டாகிறது. அந்தக் காரம் கம்பியின் மேல் மிக மெல்லிய காப்புப் படலம் ஒன்றை ஏற்படுத்துகிறது. அப்படலம் இருக்கும்வரை கம்பி துருப்பிடிப்பதில்லை. கடல் உப்பில் உள்ள குளோரைடு கம்பியை எட்டிவிட்டால் இப்படலம் உடைகிறது. ஈரமும் காற்றும் சேர்ந்து கம்பி துருப்பிடிக்கத் தொடங்குகிறது. துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அந்த நெருக்கலில் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கிறது. வெடிப்பு வழியே மேலும் உப்பும் ஈரமும் நுழைய, அழிவு விரைவாகிறது. மேலே சிமெண்ட் பூசி மறைத்தால் கண்ணுக்குத்தான் மறையும்; உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும்.

உப்பு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, கடற்காற்றும் உவர் நிலத்தடி நீரும் வெளியிலிருந்து மெல்ல மெல்லக் கொண்டு சேர்ப்பது. இரண்டாவது, வார்க்கும் நாளிலேயே நாமே கலவையில் சேர்த்துவிடுவது. கடல் மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கலந்து வார்த்த பொருளில் அழிவின் விதை முதல் நாளே விதைக்கப்பட்டு விடுகிறது. பிறகு எவ்வளவு கனமாக வார்த்தாலும் பயனில்லை. கடற்கரையில் மணல் அள்ளுவது சட்டப்படியும் குற்றமாகும்.

வார்ப்புப் பொருளின் தனிச் சிறப்பு

கடலோர விவசாயிக்கு வார்ப்புக் கான்கிரீட்டால் கிடைக்கும் முதன்மையான நன்மை, வார்க்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி. விளையிலேயே குழி தோண்டித் தூண் வார்த்தால், பச்சைக் கான்கிரீட் முதல் நாளிலிருந்தே உப்பு மண்ணோடும் உவர் நீரோடும் உறவாடுகிறது. அதே தூணை நல்ல தண்ணீர் கிடைக்கும் உள்ளூரில் வார்த்து, முழுதும் இறுகிய பின் கொண்டுவந்து நட்டால், இறுகி வலுவேறிய நிலையில்தான் அது உப்பைச் சந்திக்கிறது. மண்ணுக்குள் போகும் முன் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, குறையுள்ளதைக் கழித்துவிடவும் முடிகிறது. நின்ற இடத்தில் வார்த்த தூணுக்கு இந்தச் சோதனை வாய்ப்பு இல்லை.

எனவே கடலோர விவசாயி உறையோ தூணோ வாங்கும்போது விலையைக் கேட்கும் முன், "எந்தத் தண்ணீரில் வார்த்தீர்கள்? எந்த மணல்?" என்று கேட்க வேண்டும்.

கம்பிக்கு மேல் எவ்வளவு கனம்?

கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்புறத்துக்கும் இடையே உள்ள கனத்தைக் கொத்தனார்கள் "கவர்" என்பார்கள். கம்பிக்கு இதுவே கவசம். 2000-ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்ட ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதித்தொகுப்பு, காற்றும் மழையும் அதிகம் தாக்காத இடத்துக்கு 20 மி.மீ., கடலோரச் சூழலுக்கு 45 மி.மீ., கடல்நீர்த் துளி நேரே தெறிக்கும் இடத்துக்கு 50 மி.மீ. கவர் என்று வகுத்தது. உள்நாட்டுக்குச் செய்த அளவிலேயே கடலோரத்துக்கும் பொருட்கள் வருவதுதான் கோளாறுக்கு அடிப்படை.

கிணற்று உறையை எடுத்துக்கொள்வோம். 3 அங்குலக் கனமுள்ள உறையில் 6 மி.மீ. கம்பியை நட்ட நடுவில் வைத்தாலும் இருபுறமும் சுமார் 35 மி.மீ. கவர்தான் கிடைக்கும். கம்பி சற்று ஒதுங்கினால் ஒரு பக்கம் 20 மி.மீ. கூட மிஞ்சாது. கனத்தை 4 அங்குலமாக்கி, கம்பியை நடுவில் நிறுத்தினால் இருபுறமும் ஏறத்தாழ 45 மி.மீ. கிடைத்துவிடுகிறது. விதித்தொகுப்பு கேட்பதும் அதுவே.

இதற்கு ஆகும் கூடுதல் செலவைக் கணக்கிடுவோம். உள்விட்டம் 3 அடி, உயரம் 1 அடி உள்ள உறைக்கு 1 : 1½ : 3 கலவையில் தேவைப்படும் சிமெண்ட் வருமாறு:

3 அங்குலக் கனம் – அரை மூட்டைக்குச் சற்று அதிகம்
4 அங்குலக் கனம் – முக்கால் மூட்டை

வேற்றுமை ஓர் உறைக்குக் கால் மூட்டைக்கும் குறைவே. 20 உறை இறக்கும் கிணற்றுக்கு மொத்தத்தில் சுமார் 4 மூட்டை சிமெண்டும், அதற்கேற்ற மணல், ஜல்லியும்தான் கூடுதல். இடிந்த கிணற்றை மறுபடி தோண்டும் செலவோடு ஒப்பிட்டால் இது அற்பம். ஆனால் எடையும் கூடும் என்பதை மறக்கலாகாது. 4 அங்குல உறை ஒன்று 225 கிலோ அளவுக்கு இருக்கும். கையால் தூக்க முயலாமல், முக்காலியும் கப்பியும் கொண்டு இறக்க வேண்டும்.

கம்பியே வேண்டாத இடங்கள்

கம்பி இல்லையென்றால் துருவும் இல்லை. கடற்கரையில் அலைத்தடுப்புக்காகப் போடும் நான்கு கால் டெட்ராபாட் கற்களை நம் மாவட்டத்தில் தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தில் காணலாம். 1950-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் உருவாக்கப்பட்ட வடிவம் அது. பொதுவாக இக்கற்கள் கம்பி இன்றியே வார்க்கப்படுகின்றன. கனத்தாலும், ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதாலும் அவை அலையைத் தாங்குகின்றன. அலை நடுவே கிடந்தும் துருவால் வெடிக்காததற்குக் காரணம் உள்ளே இரும்பு இல்லாததே.

இந்தப் பாடம் விளைக்கும் பொருந்தும். கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். வளைவையும் இழுப்பையும் தாங்காது. வளையும் இடத்தில்தான் கம்பி வேண்டும். கீழ்க்கண்டவற்றைக் கம்பி இல்லாமலே வார்க்கலாம்.

வாய்க்கால் பலகை: நீளம் 60 செ.மீ., அகலம் 45 செ.மீ., கனம் 5 செ.மீ. உள்ள பலகை சுமார் 32 கிலோ இருக்கும். இருவர் எளிதில் தூக்கிப் பதிக்கலாம். தரையைச் சமன் செய்து இடித்து இறுக்கி, அடியிலும் இரு சரிவிலும் பதித்து, இடைவெளியைச் சிமெண்ட் சாந்தால் அடைத்தால், மணல் நிலத்தில் வாய்க்காலிலேயே உறிஞ்சப்படும் தண்ணீர் வாழையின் அடிக்குப் போய்ச் சேரும். ஒரு பலகை உடைந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

தீவனத் தொட்டி: தரையில் அமர்ந்திருக்கும் தொட்டிக்குக் கனமான சுவரே போதும். உள்மூலைகளை உருட்டி வார்த்தால் தீவனம் தங்கிப் புளிக்காது. மாட்டின் நாக்குப் படும் இடத்தை வழவழப்பாகத் தேய்த்துவிட வேண்டும்.

மண்புழு உரத் தொட்டி: கிணற்றுக்கு ஆகாதென்று கழித்த உறையை இதற்குப் பயன்படுத்தலாம். புதுச் சிமெண்டின் காரம் புழுவுக்கு ஆகாது. ஆகையால் இரண்டு வாரம் தண்ணீர் நிரப்பி, அவ்வப்போது மாற்றிய பிறகே புழு விட வேண்டும்.

சிறு விட்டமுள்ள கிணற்று உறையும் ஏறக்குறைய இந்த வகையைச் சேர்ந்ததே. சுற்றிலும் மண் ஒரே சீராக நெருக்கும்போது வளையம் அமுக்கத்தை மட்டுமே தாங்குகிறது. அதில் வைக்கும் கம்பி பெரும்பாலும் ஏற்றி இறக்கும்போது உடையாமல் இருப்பதற்காகவே. எனவே அதிகக் கம்பி திணிப்பதால் உறைக்கு ஆயுள் கூடாது. குறைந்த கம்பி, நிறைந்த கனம் என்பதே கடலோரத்துக்கு ஏற்ற கொள்கை. விட்டம் அதிகமானாலும், ஆழம் அதிகமானாலும் வேளாண்மைப் பொறியாளரைக் கலந்துகொண்டே முடிவு செய்தல் வேண்டும்.

வேலித் தூணில் நிதானம் தேவை

தூண் காற்றிலும் கம்பி இழுப்பிலும் வளையும். அதனால் அதற்குக் கம்பி கட்டாயம். 4 அங்குலச் சதுரத் தூணில் 45 மி.மீ. கவர் விட்டால் நான்கு கம்பிகளும் நடுவில் ஒன்றாகக் குவிந்துவிடும். நடுவில் குவிந்த கம்பி வளைவைத் தடுக்க உதவாது. கவரைக் குறைத்தால் துரு. கூட்டினால் வலுக் குறைவு. 6 அங்குலச் சதுரமாக்கினால் இரண்டும் சரியாகும். ஆனால் 8 அடித் தூணின் எடை 60 கிலோவிலிருந்து 135 கிலோவுக்கு ஏறிவிடும். செலவும் அவ்வாறே ஏறும்.

ஆகவே அலை இரைச்சல் கேட்கும் முதல் வரிசை விளைகளில் 4 அங்குலக் கான்கிரீட் தூணைத் தவிர்ப்பது நல்லது. அங்கே கருங்கல் தூணோ, பூவரசு போன்ற உயிர்வேலியோ சிக்கனமானது. உள்ளே தள்ளியுள்ள விளைகளில் கான்கிரீட் தூண் பயன்படுத்தலாம். வேலிக் கம்பியைக் கட்ட இரும்புக் கொக்கியைத் தூணில் பதிக்கலாகாது. துரு அந்த வழியாகவே உள்ளே இறங்கும். வார்க்கும்போதே சிறு பி.வி.சி. குழாய்த் துண்டு வைத்துத் துளை விட்டு, அதன் வழியே நாகமுலாம் பூசிய கம்பியால் கட்டுவது சிறந்தது.

மிளகுக் கொடியைக் கான்கிரீட் தூணில் ஏற்ற விரும்புவோர், வெயிலில் தூண் சூடேறி இளங்கொடியின் பற்றுவேரைக் கருக்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் நிழலும் ஈரமும் தர வேண்டியிருக்கும். தென்னை நிற்கும் விளையில் அந்தத் தென்னையே மிளகுக்குச் செலவில்லாத தூண்.

வார்க்கும் முறை

நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து அச்சு ஒன்று வாங்கி, தாங்களே வார்த்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியவை:

1. தண்ணீர்: குடிக்க உகந்த நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். கம்பி வைத்த கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது விதி. நாவின் ருசியை மட்டும் நம்பாமல் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. கூரையில் பிடித்த சுத்தமான மழைநீரையும் பயன்படுத்தலாம்.

2. கலவை: சிமெண்ட் 1, மணல் 1½, ஜல்லி 3 பங்கு. மணல், தூசி நீக்கிய எம்-சாண்டாகவோ உப்பில்லாத மணலாகவோ இருக்கட்டும். மெல்லிய பொருட்களுக்கு அரை அங்குல ஜல்லியே ஏற்றது.

3. நீரின் அளவு: ஒரு மூட்டை சிமெண்டுக்கு 22 லிட்டருக்கு மேல் வேண்டாம். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். கலவை இளகி ஓடினால் வேலை சுலபம்தான். ஆனால் மிகுதியான தண்ணீர் வற்றிய இடமெல்லாம் நுண்துளையாகி உப்புக்கு வழி திறந்துவிடும்.

4. சிமெண்ட்: சாம்பல் சேர்த்த பி.பி.சி. அல்லது கசடு சேர்த்த சிமெண்ட் உப்பு ஊடுருவலைத் தடுப்பதில் சாதாரணச் சிமெண்டைவிட மேலானது. மெதுவாக வலுவேறுவதால் அதிக நாள் நனைக்க வேண்டும்.

5. கம்பி நிறுத்தம்: கம்பியின் அடியில் மரத்துண்டு, செங்கல் சில்லு வைக்கக் கூடாது. அதே கலவையில் செய்த கவர் கட்டைகளை வைக்க வேண்டும். கட்டுக் கம்பியின் நுனியை உள்நோக்கி மடக்கிவிட வேண்டும். வெளியே நீண்ட நுனி துருவுக்கு வாசல்.

6. இடித்தல்: கலவையைப் படிப்படியாகக் கொட்டி, கம்பியால் குத்தி, அச்சின் பக்கங்களைத் தட்டி, காற்றுக் குமிழ் வெளியேறச் செய்ய வேண்டும்.

7. நீராற்றுதல்: மறுநாள் அச்சைக் கழற்றியதும் ஈரச் சாக்கு போர்த்தி, 14 நாட்கள் காயவிடாமல் நனைத்து வர வேண்டும். இதற்கும் நல்ல தண்ணீரே வேண்டும். உவர்நீர் தெளித்தால் முன்செய்த கவனமெல்லாம் வீணாகும். நிழலில் 28 நாள் வைத்திருந்த பின் பயன்படுத்துவது உத்தமம்.

வாங்கும்போது

விற்பனைக்கு வரும் உறையையும் தூணையும் கீழ்க்கண்டவாறு சோதிக்கலாம். சிறு சுத்தியால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமான ஓசை வெடிப்பைக் காட்டும். ஜல்லி தெரியத் தேன்கூடு போல் துளைகள் இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். எங்காவது கம்பி வெளியே தெரிந்தாலும், பழுப்புக் கறை இருந்தாலும் வாங்கலாகாது. உடைந்த உறை ஒன்றைக் காட்டச் சொல்லி, கம்பி நடுவில் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது மிக நல்ல சோதனை. வார்த்த தேதியை ஈரக் கான்கிரீட்டிலேயே ஆணியால் எழுதித் தரும்படி வார்ப்பவரிடம் முன்கூட்டிச் சொல்லி வைக்கலாம்.

உறை இறக்கும்போது

கடலோர மணலில் நல்ல தண்ணீர், அடியிலுள்ள உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை அது உப்பு நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆழத்துக்குக் குழாய் இறக்கி வேகமாக இறைத்தால் உப்பு நீர் மேலேறிவிடும். எனவே மேல்மட்டத் தண்ணீரை மெதுவாக எடுக்கும் ஆழமில்லாத உறைகிணறே இங்கு ஏற்றது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் கடல்நீர் கிணறுகளிலும் விளைகளிலும் புகுந்ததைக் குளச்சல் பகுதி மறக்காது. தரைமட்டத்துக்கு மேலே இரண்டு மூன்று உறைகளை உயர்த்தி நிறுத்தினால் மழைக்கால அழுக்கு நீராவது உள்ளே புகாமல் தடுக்கலாம்.

உறையின் உள்ளே மண்ணைச் சுற்றிலும் சமமாக எடுத்து வந்தால், அது தன் எடையால் நேராக இறங்கும். ஒவ்வோர் உறைக்கும் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்க வேண்டும். மேல்பகுதி இணைப்புகளைச் சாந்தால் அடைத்து, தண்ணீர் ஊறும் பகுதியில் இணைப்பைத் திறந்து விட்டு, அடியில் ஜல்லி பரப்ப வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்போது மேலே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். இறங்குபவர் இடுப்பில் கயிறு இருக்க வேண்டும். டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் வைத்து ஓட்டவே கூடாது. அதன் புகை ஆளைக் கொல்லும். பழைய உறைக் கிணற்றைத் தூர் வாரும் முன், பழுப்புக் கோடும் வெடிப்பும் உள்ளதா என்று மேலிருந்தே பார்த்த பிறகே இறங்க வேண்டும்.

தண்ணீரின் உப்பு அளவை அறிய வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தையும், பிற ஆலோசனைகளுக்குத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தையும், கட்டுமான அளவுகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையையும் விவசாயிகள் அணுகலாம்.

நல்ல தண்ணீர், உப்பில்லாத மணல், 4 அங்குலக் கனம், நடுவில் கம்பி, 14 நாள் நனைப்பு என்ற ஐந்தையும் கடைப்பிடித்து வார்த்த உறை, கடலோரத்திலும் நெடுநாள் உழைக்கும். அடுத்த கோடையில் கிணறு இறக்க எண்ணுபவர்கள், மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் கிடைக்கும்போதே உறைகளை வார்த்து வைத்துக்கொண்டால், இறக்கும் நாளில் அவை முழு வலுவோடு தயாராக இருக்கும்.